நாலு மணிக்கு மேல் தண்ணீர்

அண்ணன் கல்யாணம் முடிந்து மதினியைத் தாராவிக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்று எனக்குப் பதினோரு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்தவள், வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குடத்துக்குப் போய், ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நான் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"மதினி, நாலு மணிக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாது."

"ஏன், சாமி கண்ணக் குத்திருமோ?"

"சாமி குத்தாது. கக்கூஸுக்குப் போவணும்லா?"

புதுப்பெண் சிரித்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது. எங்களுடையது ஒரே அறை, மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு பலகைத் தட்டு. அறையின் மூலையில் மோரி. குளிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அந்த ரெண்டடிச் சதுரத்தில்தான். கக்கூஸ் கல்லியின், அதாவது எங்கள் சந்தின், கடைசியில் ஊர் பூராவுக்கும் பொதுவாக இருந்தது. அதில் பாதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பெண்கள் விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டியபிறகு கூட்டமாகச் சேர்ந்து ஒரு தடவை போய்வருவார்கள். நடுவில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அடக்குவதைவிட, வராமல் பார்த்துக்கொள்வது சுலபம்.

அந்தக் கலையில் நான் பதினோரு வயதிலேயே கரைகண்டவள். மதினியை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். காலையில் எழுந்ததும் ஒரு செம்பு குடிக்கலாம். மத்தியானச் சோற்றோடு ஒரு டம்ளர். நாலு மணிக்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. தாகம் எடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். அதற்கும் அடங்கவில்லையென்றால் ஒரு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்ளலாம். எங்கேயாவது வெளியே போகிற நாளென்றால் காலையிலிருந்தே தண்ணீர் தொடக் கூடாது. அவள் கன்னத்தில் கைவைத்து எல்லாவற்றையும் கேட்டாள். "எங்க ஊர்ல கம்மாக்கரைப் பக்கம் போயிட்டு வந்துருவோம். பம்பாய்க்கு வந்து இதுக்குப் பாடம் படிக்க வேண்டியிருக்கு பாரு" என்றாள்.

ஆனால் படித்தாள். ஒரே மாதத்தில் என்னையே மிஞ்சிவிட்டாள். மே மாதத்து வெயிலில், அடுப்புக்கு முன்னால் நாள் பூரா உட்கார்ந்து முறுக்குச் சுடுகிறவள் ரெண்டு டம்ளர் தண்ணீரில் ஓட்டினாள். எங்களுக்கு முறுக்கு வியாபாரம். அண்ணன் சுமந்துகொண்டு போய்க் கடைகளுக்குப் போடுவான். மாவு பிசைவது, பிழிவது, சுடுவது எல்லாம் மதினி பொறுப்பு. மாவில் உப்பு பார்ப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. சுண்டுவிரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து நாக்கில் வைப்பாள், ஒரு கண்ணை மூடுவாள், "இன்னும் ஒரு சிட்டிகை" என்பாள். ஒரு சிட்டிகைக்கு மேல் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அதைப் போட்டால் சரியாக இருக்கும். பக்கத்துக் கல்லிகளில் முறுக்குச் சுடுகிறவர்கள்கூட மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "கொஞ்சம் உப்பு பாருங்க" என்று நிற்பார்கள். அவளுக்கு அதில் ஏகப்பட்ட கர்வம். நாங்களும் அந்தக் கர்வத்தை நன்றாகத் தீனி போட்டு வளர்த்தோம்.

நாத்தனாரும் மதினியும் என்றால் ஜென்மப் பகை என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். நாங்கள் அப்படி இல்லை. சண்டை போடுவோம், தாராளமாகப் போடுவோம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும், அவளுக்கு வாய் நீளம். ஆனால் நான் பத்தாவது பரீட்சைக்குப் படித்தபோது எனக்காக முறுக்கு அடுப்பைச் சீக்கிரம் அணைத்தவள் அவள். கணக்கில் தேறினால்தான் ஆபீஸ் வேலை கிடைக்கும், எண்ணெய்ப் புகையிலிருந்து ஒரு பெண்ணாவது வெளியே போகட்டும் என்று அண்ணனிடம் எனக்காகப் பேசியவளும் அவள்தான். நான் இன்றைக்குக் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், செம்பூரில் கக்கூஸ் உள்ள ஃபிளாட்டில் இருக்கிறேன் என்றால், அதில் பாதி அவள் போட்ட பிச்சை. இதை அவள் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை. சொன்னால் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

ஃபிளாட்டில் கக்கூஸ் வந்தும் என் பழக்கம் போகவில்லை. செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் ஆபீஸ் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஆபீஸ் விட்டால் மறுபடி வீட்டில்தான். நாலு மணிக்கு மேல் நான் தண்ணீர் குடிப்பதில்லை. லேடீஸ் டப்பாவில் என்னோடு வருகிற பெண்களில் பாதிப்பேர் அப்படித்தான். யார் எத்தனை மணி நேரம் தாங்குவார்கள் என்று பீற்றிக்கொள்வோம். நான் பன்னிரண்டு மணி நேரம் என்பேன். எங்கள் மதினி பதினாலு என்று அவளுக்காகவும் நானே பீற்றிக்கொள்வேன்.

போன வருஷம் மதினிக்குக் கண்ணில் கோளாறு வந்தது. நேரே இருப்பது தெரிந்தது, பக்கவாட்டில் தெரியவில்லை. கல்லியில் நடந்தால் ஆட்கள் சுவரிலிருந்து திடீரென்று முளைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். கண்ணாடி மாற்றினோம், சரியாகவில்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மூளைக்கு அடியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் கண் நரம்பை அமுக்குகிறது, எடுத்தாக வேண்டும் என்றார்கள். மூக்கு வழியாகவே எடுத்தார்கள். மூளை ஆபரேஷன் என்றதும் தலையை மொட்டையடிப்பார்கள் என்று அழுதவள், மூக்கு வழியாக என்றதும், "அப்போ மூக்குத்தியக் கழட்டணுமா?" என்று அதற்கு ஒரு பாட்டம் அழுதாள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் கண் தெளிந்துவிட்டது. அன்றைக்கே இன்னொன்று ஆரம்பித்தது. "தண்ணி, தண்ணி" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன், வேறு கட்டிலில் யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்து. முப்பது வருஷத்தில் மதினி வாய்விட்டுத் தண்ணீர் கேட்டு நான் கேட்டதில்லை. ஒரு பாட்டில் கொடுத்தேன், முடித்தாள். இன்னொன்று கேட்டாள். குளிர்ந்த தண்ணீராக வேண்டுமாம். படுக்கைக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பை நிரம்பிக்கொண்டே இருந்தது. நர்ஸ் காலி செய்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி நிரம்பியது. நிறமே இல்லை, குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. மதினி அவமானத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "ஏட்டி, அந்தப் பையத் துணி போட்டு மூடு" என்றாள்.

எங்களுக்கு விளக்கம் சொன்ன டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண், மராட்டிக்காரி. இந்தியில் சொன்னாள், நான் தமிழில் மதினிக்குச் சொன்னேன். "இவங்க என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று முதலில் கேட்டாள். முறுக்குச் சுடுகிறார், மாவில் உப்பு பார்ப்பதில் கெட்டிக்காரர் என்றேன், அந்த நேரத்திலும் பீற்றலை விடாமல். டாக்டருக்கு அது பிடித்துப்போயிற்று.

"அப்போ சுலபமாப் புரியும். மூளைக்கு அடியிலயும் உப்பு பார்க்கிற செல்கள் இருக்கு. கொஞ்சம்தான், ஆனா ராத்திரி பகல் இல்லாம ரத்தத்துல உப்பு பார்த்துக்கிட்டே இருக்கும். நீங்க தண்ணி குடிக்கலேன்னா ரத்தத்துல உப்பு ஏறும். உப்பு ஏறினா இந்தச் செல்லுக்குள்ள இருக்கிற தண்ணி வெளியே வந்து, செல் கொஞ்சமாச் சுருங்கும். சுருங்கினதும் அதுக்குத் தெரிஞ்சிரும். உடனே வாசோபிரஸ்ஸின்னு ஒரு ஹார்மோனை ரத்தத்துல விடும். அது சிறுநீரகத்துக்குப் போய், தண்ணிய வெளியே விடாதே, பிடிச்சு வைன்னு சொல்லும். அதே நேரத்துல பக்கத்துல இருக்கிற இன்னும் சில செல்கள் தாகத்தைக் கிளப்பிவிடும். ஒரு பக்கம் செலவைக் குறைக்கும், இன்னொரு பக்கம் வரவைக் கேக்கும்."

கட்டியை எடுக்கும்போது, அந்த ஹார்மோன் இறங்கிவருகிற காம்பு அடிபட்டுவிட்டது. மேலே செல்கள் உப்பு ஏறியதைக் கண்டுபிடித்தாலும் கீழே சேதி போகாது. சிறுநீரகம் யாரும் சொல்லாததால் தண்ணீரைத் திறந்துவிட்டபடி இருக்கிறது. சில பேருக்குத் தானாகச் சரியாகும், சில பேருக்கு ஆகாது. அதுவரை அந்த ஹார்மோனுக்குப் பதிலாகக் காலையும் ராத்திரியும் ஒரு மாத்திரை.

"நல்லவேளை, தாகம் கெடலை" என்றாள் டாக்டர். "தாகம் எடுத்தா உடனே குடிக்கணும். தாகம் இல்லாம சும்மா சும்மா குடிக்க வேண்டாம், மாத்திரை போட்டிருக்கும்போது அளவுக்கு மீறிக் குடிச்சா உப்பு இறங்கிடும். தாகம் சொல்றபடி கேட்டு நடந்தாப் போதும்."

நான் மதினியைப் பார்த்தேன், மதினி என்னைப் பார்த்தாள். தாகம் சொல்கிறபடி கேட்டு நடப்பதாம். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். டாக்டருக்கு ஏன் என்று புரியவில்லை. நானும் விளக்கவில்லை. விளக்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நான் அண்ணனோடு சண்டை பிடித்தேன். கல்லியில் இப்போது நாலைந்து வீடுகளில் உள்ளேயே கக்கூஸ் கட்டிவிட்டார்கள். கழிவு போகிற கட்டர் லைன் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. மோரியைக் கொஞ்சம் இழுத்துக் கட்டினால் போதும். அண்ணன் அசையவில்லை. "பலகாரம் சுடுத வீட்டுல கக்கூஸா? நாலடி தள்ளி எண்ணெய்ச் சட்டி இருக்கு. ஒரு கடைக்காரன் பாத்தா என் முறுக்கத் தொடுவானா?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "அப்போ மதினி கல்லி முனைக்கு ஓடிக்கிட்டே இருக்கணுமா?" என்று கத்தினேன். "மாத்திரை இருக்குல்லா, மாத்திரை போட்டா எல்லாரையும் மாதிரிதான்னு டாக்டர் சொல்லியாச்சுல்லா" என்றான். மதினி நடுவில் புகுந்து, "ஏட்டி, விடு. நீ சொல்லித்தந்த பாடம் எனக்கு மறக்கல" என்றாள். போட்ட சோற்றைச் சாப்பிடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மதினி பின்னாலேயே வந்து ஒரு பொட்டலம் முறுக்கை என் பையில் திணித்தாள்.

அந்த மாத்திரை தாராவியில் கிடைக்கவில்லை. என் ஆபீஸ் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். மாதக் கடைசியில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஐந்து மாதம் ஒழுங்காகச் செய்தேன். ஆறாவது மாதம் மார்ச். அக்கவுண்ட்ஸில் இருப்பவர்களுக்கு மார்ச் என்றால் என்னவென்று தெரியும். நான் மறந்தேபோனேன்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனுக்கு விக்ரோலியில் பெண் பார்க்கப் போனோம். அவர்கள் தாராவியிலிருந்து வந்தார்கள், நான் செம்பூரிலிருந்து நேரே போய்ச் சேர்ந்துகொண்டேன். பெண்வீட்டாரும் எங்கள் பக்கத்துக்காரர்கள்தான். வெகுகாலம் ஆண்டாப் ஹில் குடிசைப் பகுதியில் இருந்துவிட்டு, இப்போது கட்டடத்தில் இரண்டு அறை வீடு. மதினிக்குத் தலையில் ஆபரேஷன் நடந்ததை யாரும் வாய்திறக்கக் கூடாது என்று அண்ணன் உத்தரவு. "பிள்ளைக்கும் வருமோன்னு யோசிப்பாவ" என்றான்.

மதினி பட்டுச்சேலையில், தலை நிறையப் பூவோடு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தது. வெயில் என்று நினைத்தேன். காபி வந்தது, வயிறு சரியில்லை என்று வேண்டாம் என்றாள். தண்ணீர் வந்தது, டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். வந்து உட்கார்ந்தாள். மறுபடி போனாள். மூன்றாவது தடவை போனபோது பெண்ணின் சித்தி யாரையோ பார்த்துப் புருவத்தை உயர்த்தியதை நான் பார்த்தேன். எனக்குச் சுள்ளென்று ஏறியது, அந்தச் சித்தி மேல். மதினியைப் பற்றி யோசிக்காமல் சித்தியை எப்படி முறைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது தடவை மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உட்கார்ந்து, தட்டிலிருந்த பஜ்ஜியை ஒரு கடி கடித்து, எல்லாரும் கேட்கும்படி, "உப்புக் கரிக்கி" என்றாள். பெண் பார்க்க வந்த வீட்டில். அண்ணன் வெளிறிப்போனான். நான் என் பஜ்ஜியைக் கடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. மதினி உப்பைத் தப்பாகச் சொல்லி நான் கேட்ட முதல் தடவை அது. அப்போதுதான் அவளை ஒழுங்காகப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. கண் எங்கேயோ இருந்தது.

"மதினி, தண்ணி குடிச்சீங்களா?" என்று காதோரம் கேட்டேன்.

"காலையிலேருந்து ஒரு சொட்டுத் தொடலட்டி" என்றாள். வீட்டுப்பாடத்தை முடித்த பிள்ளை மாதிரிச் சொன்னாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

கைப்பையைத் திறந்து காட்டினாள். கிழிந்த அட்டையில் ஒரே ஒரு மாத்திரை. "இது ஒண்ணுதான் இருக்கு. நாளைக்கு வேணும்லா. தண்ணியே குடிக்கலேன்னா மாத்திரை என்னத்துக்கு? காலையில நாலஞ்சு தடவை போச்சு, அது நேத்துக் குடிச்ச தண்ணி. காலியாயிரும்."

முந்தைய ராத்திரியும் போடவில்லை. நான் வாங்கித் தராத மாத்திரை. என்ன பேசினேன் என்று எனக்கே முழுசாக நினைவில்லை. மற்றவர்கள் பிறகு சொன்னதுதான். "மூளையில ஆபரேஷன் பண்ணின பொம்பள, மாத்திரை போடாம, தண்ணி குடிக்காம வந்து உக்காந்திருக்கா, யாராவது தண்ணி கொண்டு வாங்களேன்" என்று அலறினேனாம். சபையில் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எழுந்தது நாங்கள் பார்க்கப்போன பெண் ஒருத்திதான். கட்டியிருந்த பட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு ஜக்குத் தண்ணீரோடு மதினி காலடியில் தரையில் உட்கார்ந்தாள். "மாத்திரையப் போடுங்க அத்தை. இப்ப இத மெதுவாக் குடிங்க" என்று டம்ளர் டம்ளராகக் கொடுத்தாள். மதினி முதல் டம்ளரை வாங்க மறுத்து, "வேண்டாம்மா, மறுபடி போவணும்" என்றாள். "போனா என்ன? நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அந்தப் பெண்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அதே மராட்டி டாக்டர் எங்களைப் பிடி பிடியென்று பிடித்தாள். உப்பு தாறுமாறாக ஏறியிருந்தது. ஒரேயடியாக இறக்கினால் மூளை வீங்கிவிடும், மெல்லத்தான் இறக்கவேண்டும் என்றாள். பிழைப்பாளா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தோம். மதினி எங்களை அடையாளம் தெரியாமல் படுத்திருந்தாள். கை மட்டும் போர்வையைப் பிசைந்துகொண்டே இருந்தது. மாவு பிசைகிறாள் என்று எனக்கும் அண்ணனுக்கும் தெரிந்தது. அவ்வப்போது சுண்டுவிரலை உதட்டில் வைத்துப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்கலேன்னா ஒண்ணுக்கு வராதுன்னு இவங்களுக்கு யார் சொன்னது?" என்று டாக்டர் கேட்டாள். சொன்னவள் நான்தான்.

நான் சொன்னது பொய்யும் இல்லை. முப்பது வருஷமாக அது பலித்திருக்கிறது. எனக்குப் பலித்தது, அவளுக்குப் பலித்தது, லேடீஸ் டப்பாவில் என்னோடு வருகிற அத்தனை பேருக்கும் பலிக்கிறது. எங்கள் கட்டுப்பாடு, எங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நாங்கள் பீற்றிக்கொண்டோம். உண்மையில் வேலை செய்ததெல்லாம் மூளைக்கு அடியிலிருந்த அந்தக் கொஞ்சம் செல்கள். நாங்கள் ஒவ்வொரு நாளும் வாயைக் கட்டும்போது, அவை சுருங்கிச் சுருங்கி, ஹார்மோனைச் சுரந்து சுரந்து, எங்கள் உடம்பிலிருந்த தண்ணீரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் எங்கள் மானத்தைக் காத்தன. மதினிக்கு அவை அனுப்பும் சேதி கீழே போகாமல் அறுந்துவிட்டது. அவளிடம் மிச்சம் இருந்தது தாகம் ஒன்றுதான். அதையும் கேட்காதே என்று பதினோரு வயதில் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து இதை யோசித்தபோது எனக்கு என்மேல் வந்த கோபம் வேறு யார்மேலும் வந்ததில்லை.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "அண்ணே, மாத்திரை வாங்க மறந்துட்டேன். எம்மேலதான் தப்பு."

அவன் கையில் மதினியின் மூக்குத்தியை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் கழற்றச் சொல்லியிருந்தார்கள். "நீ மறந்தட்டி" என்றான். "நான் மறக்கக்கூட இல்ல. அவளுக்குக் கக்கூஸ் தேவைன்னு தெரிஞ்சேதான வேண்டாம்னேன்." அப்புறம் அழுதான். என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் மதினி கண்ணைத் திறந்து, என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏட்டி, பொண்ணு என்ன சொல்லிச்சு?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "சேலையில துடைச்சுக்கோ, கையில ஊசி இருக்கு" என்றாள்.

அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் அந்தப் பெண் தினமும் போன் பண்ணி விசாரித்தாள். ஒருநாள் அவள் அம்மா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். ஒளித்ததற்காகத் திட்டுவார் என்று அண்ணன் எழுந்து நின்றான். அவரோ மதினி பக்கத்தில் உட்கார்ந்து, "ஆண்டாப் ஹில்ல இருந்தப்ப நானும் இப்பிடித்தான் மதினி. இருபது வருஷம்" என்று மட்டும் சொன்னார். ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருக்கிறது. பஜ்ஜி சுட்டது அந்தச் சித்தியாம். மதினி சொன்னதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

மதினி வீட்டுக்கு வரும்முன் அண்ணன் கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டான். முறுக்கு அடுப்பைப் பக்கத்துக் கல்லியில் ஓர் அறைக்கு மாற்றினான். எண்ணெய்ச் சட்டி இருந்த மூலையில் கக்கூஸ் வந்தது. உள்ளே திரும்பினால் முழங்கை இடிக்கும். கதவு அரைக்கதவு இல்லை, முழுக்கதவு. உள்ளே தாழ்ப்பாள் இரண்டு. ஒன்று போதுமே என்று கொத்தனார் சொன்னாராம், அண்ணன் கேட்கவில்லை.

அது கட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை நான் மாத்திரையோடு போனேன். இரண்டு மாதத்துக்கானது. இப்போது போனில் அலாரம் வைத்திருக்கிறேன், என் ஆபீஸ் மேஜையில் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறேன். மதினி ஒரு தட்டில் மாவைக் கொண்டுவந்து வைத்து உப்பு பார்த்தாள். ஒரு கண்ணை மூடினாள். "ஒரு சிட்டிகை" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

கிளம்புகிற நேரத்தில், பல நாளாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். "மதினி, மார்ச்ல மாத்திரை வாங்க நான் மறந்துட்டேன். அதோட, தண்ணி குடிக்காதீங்கன்னு மொத மொதல்ல சொன்னதும் நான்தான்."

"தெரியும்லா" என்றாள். "மாத்திரை தீரப்போவுதுன்னு எனக்கும்தான் தெரியும். ஒரு போன் போட்டிருந்தா நீ பறந்து வந்திருப்ப. வருசக் கணக்கு முடிக்கியே, உன்னை என்னத்துக்குத் தொந்தரவு பண்ணணும்னு இருந்துட்டேன். தண்ணியும் கேக்கக் கூடாது, மாத்திரையும் கேக்கக் கூடாதுன்னு எவ்வளவு கெட்டிக்காரியா இருந்திருக்கேன் பாரு."

எழுந்து குடத்திலிருந்து இரண்டு டம்ளர் மொண்டு வந்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள். நான் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தேகால். "பஸ்ல போவணும் மதினி, சயன்ல ஒரே டிராஃபிக்கா இருக்கும்" என்றேன்.

"குடிட்டி" என்றாள். "இங்ஙனயே போயிட்டுப் போ."

அவள் அண்ணாந்து மடமடவென்று குடித்தாள், வந்த அன்றைக்குக் குடித்த மாதிரியே. இந்தத் தடவை நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. நானும் குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கியும் குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, யார் முதலில் உள்ளே போவது என்று இரண்டு பேரும் சண்டை போட்டோம்.